நீலச் சொட்டு

காளியப்பன் அழுதுகொண்டே வேலைக்கு வருகிற ஆள் என்று நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளில் ஒரு பேச்சு இருந்தது. பொய்யும் இல்லை. காலையில் புதுச்சத்திரத்துப் பக்கமிருந்து பைக்கைக் கிளப்பி, நாலுவழிச் சாலையில் ஏறி, ஏதாவது ஒரு பண்ணை வாசலில் வந்து நிற்கும்போது அவருடைய இரண்டு கன்னங்களிலும் தண்ணீர் வழிந்து, அதன்மேல் புழுதி படிந்து கோடு கோடாக இருக்கும். பின்னால் உட்கார்ந்து வந்த மனைவி மாரக்காள் இறங்கி, சேலையை உதறிவிட்டுக் குனிந்த தலையோடு உள்ளே போய்விடுவாள். ஷேர் ஆட்டோவில் வந்து காத்திருக்கும் அவர்களுடைய குழுவின் மற்றப் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏனுங்கண்ணா, காலங்காத்தால ஊட்டுல அடிங்களா?"

"அடியுமில்ல ஒண்ணுமில்ல. காத்து."

"காத்துக்கும் மாரக்கான்னுதான் பேருங்களா?"

சிரிப்பார்கள். காளியப்பனும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் பைக்கை நிழலில் விடுகிற சாக்கில் ஒதுங்கிப் போய், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் தூரத்து நைனாமலையைப் பார்ப்பார். உச்சியில் கோயில் வெள்ளையாகத் தெரிகிறதா? தெரிகிறது. கண்ணை மாற்றிப் பொத்துவார். இதிலும் தெரிகிறது, ஆனால் நேற்றைவிடக் கொஞ்சம் மங்கல். அல்லது பனியோ என்னவோ. ஆடி மாதத்தில் ஏது பனி? அன்றைய பொழுது பூராவும் நடுநடுவே வேலையை விட்டு வெளியே வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போவார்.

நாற்பத்து மூன்று வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லாரிக்கு கிளீனராகப் போனவர். பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, வடக்கே எந்தெந்த ஊரிலோ பாறையைத் துளைத்துப் போர் போட்டார். முகமெல்லாம் கல்மாவு அப்பிக்கொண்டு, பல்லும் கண்ணும் மட்டும் தெரிய நிற்கிற அந்தக் காலத்துப் போட்டோ ஒன்று இன்னும் வீட்டில் தொங்குகிறது. மாரக்காளைக் கட்டிக்கொண்ட பிறகு, வருசத்தில் பத்து மாதம் வெளியூரில் கிடக்கிற பிழைப்பு வேண்டாம் என்று ஊரோடு வந்துவிட்டார். புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து கோழிக்குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போடும் குழு ஒன்றை உண்டாக்கினார்கள். மகள் அபிநயா கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மோகனூர், எருமப்பட்டி, சேந்தமங்கலம் என்று தினமும் ஒரு திசை. மருந்து கெட்டுப்போகாமல் இருக்க ஐஸ் பெட்டியைப் பெட்ரோல் டேங்க்மேல் வைத்துக் கட்டி, பின்னால் மாரக்காளை ஏற்றிக்கொண்டு அவர் போகாத பண்ணை இல்லை. பைக் ஓடினால்தான் அவருக்குப் பிழைப்பு, பைக் ஓட்டக் கண் வேண்டும். அந்தக் கண்தான் இப்போது தகராறு செய்தது.

வண்டி ஓட்டும்போது முதலில் மணலைக் கொட்டினாற்போல உறுத்தும். அப்புறம் எரியும். அப்புறம் தாரை தாரையாக ஊற்றும். துடைத்தால் இரண்டு நிமிடம் தெளியும், மறுபடி உறுத்தும். ஹெல்மெட் இருந்தது. ஆனால் அதன் முன்கண்ணாடியைப் புழுதித் துண்டால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழவைத்திருந்தார். எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்கக் கோலம் போட்டதுபோல் சிதறும். அதனால் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, அடிக்கிற காற்றையெல்லாம் கண்ணிலேயே வாங்கிக்கொண்டு போவார். புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்டால், "வாங்கோணும்" என்பார். வாங்கோணும் என்று சொல்லியே இரண்டு ஆடி போயிற்று.

பண்ணைக்குள் போனாலாவது ஆறுதல் உண்டா என்றால் அதுவும் இல்லை. கோழி எருவின் காரம் மூக்கைப் பிளக்கும். தீவனத் தூசியும் பொடி இறகும் மிதக்கும்.

அவருடைய பயத்துக்குக் காரணம் பெரியப்பா சின்னான். சின்னானுக்குச் சர்க்கரை இருந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, கடைசிக் காலத்தில் இரண்டு கண்ணும் போய், தடியைத் தட்டிக்கொண்டு கொல்லைக்குப் போவார். அவரும் ஆரம்பத்தில், "கண்ணுல மண்ணு உழுந்தாப்புல இருக்குது" என்றுதான் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் காளியப்பன் இரவெல்லாம் புரண்டார். ரத்தம் பார்த்தால் தெரிந்துபோகும். தெரிந்துபோகும் என்பதாலேயே பார்க்கவில்லை. இந்த இடத்தில் அவரை நாலு வார்த்தை திட்டலாம். ஆனால் பயந்தவர்கள் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள், இவரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது?

வைத்தியம் செய்யாமலும் இல்லை. விளக்கெண்ணெயை இமையில் தடவிக்கொண்டு படுத்தார், தலையணை உறைதான் பிசுக்காயிற்று. நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்மேல் வைத்துக்கொண்டார், வைத்திருக்கும் வரைக்கும் சுகம். சாலையோரத்தில் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டினார், காற்று இரண்டு பக்கவாட்டிலும் புகுந்து முன்னைக்கும் மோசமாகக் குடைந்தது. மருந்துக்கடைக் குருமூர்த்தி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். விட்டதும் கண் பால்போல் வெளுத்தது. விடாத அன்று முன்பைவிடச் சிவந்தது.

"குரு, இது ஏதோ பழக்கம் புடிச்சுக்குமாட்ட இருக்குதே."

"அண்ணா, ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்டக் காட்டீருங்க. நான் சொன்னா நீங்க கேக்கறதில்ல."

"காட்டறேன், காட்டறேன்."

காட்டவில்லை.

ஒரு நாள் எருமப்பட்டிப் பக்கம் வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. காற்று வேறு. காளியப்பனுக்கு ரோடு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரிந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். முன்னால் ஏதோ இருட்டாக இருந்தது. புளியமர நிழல் என்று நினைத்தார்.

"வண்டிங்க! ஏனுங்க, வண்டி, வண்டி!"

மாரக்காளின் விரல்கள் தோளில் பதிந்தன. அது நிழல் இல்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர், பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் ரோட்டோரம் நின்றது. வண்டியை வலது பக்கம் ஒடித்தார். டிரெய்லரின் இரும்பு முனை அவர் முழங்கைச் சட்டையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இருபது முப்பது அடி தள்ளிப் போய் நிறுத்தி, காலை ஊன்றினார்.

மாரக்காள் இறங்கினாள். கத்தவில்லை, திட்டவில்லை. அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தோல் மட்டும் வழண்டிருந்தது.

"தெரியலீங்களா?" என்று கேட்டாள்.

"வெயிலு கண்ணுல அடிச்சுப்போட்டுது."

"இனிமே சித்தே மொள்ளப் போலாமுங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. வீடு வரும்வரை முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து வந்தார். நான் மட்டும் போனால் போகிறது, இவளையும் சேர்த்தல்லவா கொண்டுபோய்ச் சொருகப் பார்த்தேன் என்ற நினைப்பு சோற்றில் கை வைக்கவிடவில்லை. நாளையிலிருந்து இவளை ஷேர் ஆட்டோவில் வரச்சொல்லலாமா? சொன்னால் ஏன் என்று கேட்பாள். கண் போகிறது என்று சொல்ல வாய் வரவேண்டுமே.

அந்தப் பயத்தில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கோழி மருந்துக்காரரைத் தவிர வேறு எவருக்கும் வந்திருக்காது.

வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க, பிறந்த ஒரு வாரத்துக்குள் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடவேண்டும். மருந்து தனியாகச் சின்னக் குப்பியில் பொடியாக வரும். அதைக் கரைக்கிற தண்ணீர் தனியாகச் சொட்டு மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். அந்தத் தண்ணீர் நீலமாக இருக்கும். கண்ணில் விழுந்த சொட்டு உள்ளே இறங்கித் தொண்டைக்கு வந்து நாக்கை நீலமாக்கும். பண்ணை சூப்பர்வைசர் பத்துக் குஞ்சுக்கு ஒன்றைத் தூக்கி அலகைப் பிளந்து பார்ப்பார். நாக்கு நீலமாக இருந்தால் மருந்து ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மருந்து கலக்காத வரைக்கும் அது வெறும் தண்ணீர்தானே என்று காளியப்பன் நினைத்தார். பிறந்து ஆறு நாள் ஆன குஞ்சின் கண்ணுக்கு ஒத்துக்கொள்வது மனுசன் கண்ணுக்கா ஒத்துக்கொள்ளாது? அதுவும் ஐஸ் பெட்டியில் ஜில்லென்று இருக்கிறது. மிச்சமாகிப் போன ஒரு பாட்டிலை எடுத்து, மருந்து கலந்ததோடு கலந்துவிடாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினார். பண்ணைக்குப் பின்பக்கம் போய் அண்ணாந்து கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார்.

ஆகா, என்ன சுகம்! எரிந்த இடத்தில் இளநீரை ஊற்றியதுபோல் இருந்தது. தொண்டையில் லேசாகக் கசந்தது. காறித் துப்பினார். எச்சில் நீலமாக விழுந்தது. சொட்டு சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று ஒரு தொழில்காரனின் திருப்தி வேறு. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குக் கண் தெளிவாக இருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? காலையில் கிளம்பும்போது இரண்டு, வழியில் டீக்கடையில் நிறுத்தி இரண்டு, வேலை முடிந்ததும் இரண்டு. தோள் துண்டில் நீலப் புள்ளிகள் விழுந்தன. மாரக்காள் துவைக்கும்போது பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக்காரன் துண்டில் நீலம் இருப்பது புதுசா என்ன?

மோகனூர் வேலை முடிந்த நாளில் அது நடந்தது. காவேரிப் பக்கமிருந்து காற்று அள்ளி வீசியது. பாதி வழியில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, மாரக்காள் இறங்கி முகம் கழுவப் போன சமயம் பார்த்து ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு பாட்டிலை எடுத்து அவசரமாக விட்டுக்கொண்டார். கண் திறக்க முடியாதபடி ஊற்றிக்கொண்டிருந்ததால் கழுத்தில் நூல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. பாட்டிலை வண்டியின் பக்கவாட்டுப் பையில் போட்டுவிட்டு, டீ வாங்கப் போனார்.

வீட்டுக்கு வந்து ஐஸ் பெட்டியைக் கழுவும்போது சிவப்பு நூல் கட்டிய பாட்டில் கையில் அகப்பட்டது. பழையது தீர்ந்துபோய்க் காலையில் கட்டிய புதுப் பாட்டில். மூடி திறக்கவே இல்லை.

காளியப்பன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தினார். அப்படியானால் கண்ணில் விட்டது எது? ஓடிப்போய் வண்டிப் பையைத் துழாவினார். மருந்து கலந்த பாட்டில், அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு கிடந்தது. பண்ணையிலேயே போட்டு எரித்திருக்க வேண்டியது. உயிருள்ள கிருமி அதில் இருக்கிறது, அதனால்தான் ஐஸில் வைத்துக் காபந்து பண்ணுகிறோம் என்று பெண்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள் இவர். தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்து அடித்துக் கழுவினார். பாட்டிலை அடுப்பில் போட்டார். மாரக்காளிடம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. சாமி காப்பாற்றியது என்று நினைத்தார். அதற்கடுத்த நாள் விடியும்போது வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இட்லிபோல் உப்பி, பீளை ஒட்டி, உள்ளே மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தார். எழுத்து கலங்கிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று உதடு முணுமுணுத்தது.

போகிற கண் ஒரு பக்கம் இருக்க, மறுநாள் சேந்தமங்கலம் குமாரசாமி பண்ணையில் வேலை. புதுக்குஞ்சு வந்து இறங்கியிருக்கிறது. அந்தத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. குமாரசாமி ஒரு தடவை வெள்ளைக்கழிச்சலில் ஒரு ஷெட்டையே குழியில் தள்ளி மூடியவர். வாசலில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்காமல் உள்ளே விடமாட்டார். இந்தக் கண்ணோடு போய் நின்றால் துரத்திவிடுவார். மறைத்துக்கொண்டு போனாலோ, கண்ணில் இருக்கிற கிருமி குஞ்சுகளுக்குள் இறங்கிவிட்டால்? நினைக்க நினைக்கக் காளியப்பனுக்கு வியர்த்தது.

மாரக்காள் காப்பி கொண்டுவந்தாள். அவரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மெட்ராஸ் ஐ மாட்டிருக்குதுங்க. கெளம்புங்க, டாக்டர்கிட்டப் போலாம்."

"ரெண்டு நாள்ல சரியாப்போயிரும்."

"அன்னிக்கு டிராக்டர்ல உடப் பாத்தீங்களே, அதுவும் மெட்ராஸ் ஐங்களா?" என்றாள்.

இத்தனை நாளும் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரோட்டின் ஓரத்தை விட்டு இறங்காமல் நாமக்கல் வரைக்கும் அவர் வண்டி ஓட்டிய கதையை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

கண் டாக்டரம்மா சின்ன வயசு. நாடியை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். மாரக்காள் கதவோரம், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"எப்படி ஆச்சு?"

"தூசிங்க."

"தூசி நீலமாவா இருக்கும்? இமை ஓரத்துல சாயம் நிக்குதே."

காளியப்பன் தோள் துண்டைச் சுருட்டி மடியில் மறைத்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"கோழிக்குஞ்சுக்கு மருந்து போடறதுங்க."

"அப்ப அந்த மருந்து தெறிச்சுதா?"

தெறித்தது என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் பயம் முற்றிப்போனால் மனுசனுக்கு உண்மை தானாக வெளியே வந்துவிடுகிறது. நீலத் தண்ணீர், சிவப்பு நூல், டீக்கடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கடைசியில், "கண்ணு போயிருமுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போகாதுங்க. நாமக்கல்ல உட்கார்ந்துட்டு இந்தக் கண்ணைப் பார்க்காம இருக்க முடியுமா? குஞ்சு மருந்து பட்டா இப்படித்தான் வீங்கும். ஒரு வாரம் பத்து நாள்ல இறங்கிரும். அதுவரைக்கும் எந்தப் பண்ணைக்குள்ளயும் காலு வைக்கக் கூடாது. துண்டு, தலையணை யாரும் பங்கு போட்டுக்கக் கூடாது. வீட்ல வேற யாருக்காவது கண்ணு செவந்திருக்கா?"

"இல்லீங்க," என்றார் காளியப்பன், உடனே.

"சரி, அது போகட்டும். மொதல்ல எதுக்கு அந்தத் தண்ணியை ஊத்துனீங்க?"

உறுத்தல், எரிச்சல், வண்டிக் காற்று, மருந்துக்கடைச் சொட்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா இமையோரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி எடுத்துப் பார்த்தார். ஏதோ மஞ்சள் சாயம் தொட்டுவைத்து மறுபடியும் விளக்கைப் பிடித்தார். விரலில் ஒரு குத்துக் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். அந்த முடிவு வருகிற வரைக்கும் காளியப்பன் பெரியப்பாவின் தடியை மனசுக்குள் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சர்க்கரை இல்லை.

"கண்ணு வறண்டு போயிருக்கு. அவ்வளவுதான்."

"வறட்சிங்களா? குடங்குடமா ஊத்துதுங்களே!"

"வறண்டா உறுத்தும், உறுத்துனா ஊத்தும். ஊத்தற தண்ணி கண்ணுல தங்காது, ஓடிப்போயிரும். வண்டி ஓட்டறப்ப பயந்து பயந்து முழிச்சுப் பார்த்துட்டே போறீங்க, இமைக்கறதே இல்லை. காத்து இருக்கற ஈரத்தையும் உறிஞ்சிருது. ஹெல்மெட் கண்ணாடியை எறக்கிவிட்டு ஓட்டுங்க. கீறல் விழுந்திருந்தா மாத்துங்க. இந்தச் சொட்டு கண்ணீர் மாதிரி, எழுதித் தர்றேன். அந்தச் செவப்பு போக்கற மருந்து, கோழித் தண்ணி, ரெண்டையும் இனித் தொடக் கூடாது."

இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா? காளியப்பனுக்கு டாக்டரம்மா காலில் விழலாம்போல இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் குமாரசாமிக்குப் போன் செய்தார். கண்வலி, நான் உள்ளே வரக்கூடாது என்று உள்ளதைச் சொன்னார்.

"உம்பட சம்சாரம் வருமல்லொ?" என்றார் குமாரசாமி.

"வருமுங்க. அவதான் எனக்கு மேல வேலக்காரிங்க."

"அப்பச் சரி. மாரக்கா வந்தாப் போதும்."

பிழைப்பும் தப்பித்தது. ஹெல்மெட் கடையில் புதுக் கண்ணாடி மாட்டினார்கள். நல்ல கண்ணாடி, முன்னால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத தெளிவு. மருந்துக்கடையில் வாங்கிய சொட்டை அங்கேயே இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். காற்று ஹெல்மெட்டில் மோதித் திரும்பிப் போயிற்று. வலது கண் வீங்கித்தான் இருந்தது. இருந்தாலும் இடது கண்ணால் அவர் எத்தனையோ மாதமாகப் பார்க்காததையெல்லாம் பார்த்தார். முன்னால் போகிற லாரியின் பின்பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டாமல் படித்தார். பனைமரம் ஓலை ஓலையாகத் தெரிந்தது. பேசாமல் வரமுடியவில்லை அவரால்.

"புள்ள, தாராபுரம் ரிஜிஸ்ட்ரேசன் பாரு, முன்னால போற வண்டி! நெம்பரு தெரியுது!"

அவளும் பார்க்கிறாளா என்று இடது பக்கத்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார்.

மாரக்காள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, முகம் நேராக ரோட்டைப் பார்த்திருக்க, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டிருந்தாள். தலையில் ஹெல்மெட் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை. இரண்டு கண்ணையும் இடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் காற்றில் பின்னால் இழுபட்டுக் காதுவரைக்கும் கோடாகப் போயிருந்தது. இத்தனை வருசமும் தன் முதுகு அவளுக்குக் காற்றை மறைக்கிறது என்றுதான் காளியப்பன் நம்பியிருந்தார்.

வண்டியை ஓரம் கட்டினார்.

"எறங்கு. இங்க பாரு."

"என்னுங்க?"

"மொகத்தக் காட்டு."

"தூசிங்க."

முந்தானையை அவரே விலக்கினார். இடது கண்ணின் ஓரம் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, இமை உப்ப ஆரம்பித்திருந்தது.

"எப்பருந்து?"

"எரியறது நெம்ப வருசமா எரியுதுங்க. வண்டில வாரப்பெல்லாம் எரியும். செவந்தது இன்னிக்குக் காத்தாலதானுங்க." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க நீலத் தண்ணி உடறத ஒளிஞ்சு நின்னு பாத்தேன். உங்களுக்குக் கேக்குதேன்னு நானும் உட்டுக்குவேன். அன்னிக்கு டீ வாங்கப் போனீங்களே, பைல போட்டுட்டு. அதுல ரெண்டு சொட்டு."

காளியப்பனுக்குக் காது அடைத்தது. "டாக்டரம்மா கேட்டாங்களே! வாயத் தொறந்திருக்கலாமல்லொ?"

"தொறந்தா நாளைக்குப் பண்ணைக்கு யாருங்க போறது? மத்தவிங்களுக்கு மருந்து கலக்கத் தெரியாதுங்களே. உங்களுக்குப் பாத்தாச்சு. எனக்குத் தானா எறங்கிரும்னு அவங்கதான் சொன்னாங்களே."

கோபம் வந்தது அவருக்கு. அவள்மேல் என்று நினைத்துக் கத்த வாயைத் திறந்தார், அது அவள்மேல் இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார். தன் கண்ணையே நினைத்து நினைத்துப் பயந்ததில், முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் இருந்த இரண்டு கண்களைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. போனை எடுத்து மறுபடியும் குமாரசாமியைக் கூப்பிட்டார்.

"ஐயா, நாளைக்கு அவளும் வர முடியாதுங்க. அவளுக்கும் கண்ணு வந்திருச்சு."

"என்னய்யா வெளையாடறியா? நான் இப்பப் போயி ஆளுக்கு எங்க போவேன்?"

"தெரியலீங்கய்யா. ஆனா உள்ள வரக் கூடாதுங்க."

குமாரசாமி போனை வைத்துவிட்டார். அந்தப் பண்ணை இனி வருமோ வராதோ தெரியாது.

காளியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். நாடிக்குக் கீழே வாரை இறுக்கிப் போட்டு, புதுக் கண்ணாடியை இறக்கிவிட்டார். வண்டியை வந்த திசைக்கே திருப்பினார். கொஞ்ச தூரம் போவதற்குள் அவர் கண் ஊற்ற ஆரம்பித்துவிட்டது.

"உங்களுக்குக் காத்து படுதுங்களே," என்றாள் மாரக்காள் பின்னாலிருந்து.

"இத்தன வருசமா உனக்குப் படலியா?"

வண்டி சாலையின் ஓரத்திலேயே, மெதுவாக, நாமக்கல்லைப் பார்த்துப் போயிற்று.